உதிர்ந்து போன ‘E’

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், பெங்களூரில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் நடந்தது இது. அன்று எனக்கு அரசாங்க டைப்ரைட்டிங் தேர்வு, லோயர் கிரேடு. எங்கள் வீடு கண்டோன்மென்ட்டைச் சேர்ந்த அல்சூரில். கண்டோன்மென்ட்டைத் தாண்டிப் போவதே எங்களுக்கு வெளியூர்ப் பயணம் மாதிரிதான். தேர்வு நடந்ததோ சிட்டியில், பேட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில்.

அந்தக் காலத்தில் ஒரு பெண் டைப் அடிக்கக் கற்றுக்கொள்வதை எங்கள் தெருவில் ஏதோ சர்க்கஸில் சேர்ந்ததைப் போலப் பார்த்தார்கள். அல்சூர் கடைத்தெரு மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டில் நான் ஒருத்திதான் பெண். ஒரு பெண்கள் பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்ட் இடம் காலியாக இருந்தது. தேர்வில் பாஸ் பண்ணிவிட்டு வா, அதுவரை இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று அங்கிருந்த தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அப்பா போன பிறகு குடும்பப் பொறுப்பை ஏற்றிருந்த என் அண்ணனுக்கு இதில் அரை மனசுதான்.

“இந்த ஒரு தடவைதான் பாரு. தேறிட்டியா, வேலைக்குப் போ, நான் குறுக்கே நிக்க மாட்டேன். தேறலைன்னா கோலார்க்காரங்களை வந்து பொண்ணு பாக்கச் சொல்லிடுவேன்” என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

கோலார் மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. தங்கமானவராகவே இருந்திருக்கலாம். ஆனால் தேர்வில் தவறியதற்குத் தண்டனையாக ஒருவரைக் கட்டிக்கொள்வது எனக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. அதனால் பேயாகப் பழகினேன்.

எனக்குக் கஷ்டம் கொடுத்ததெல்லாம் ஆங்கில உயிரெழுத்துகள்தான். இருபத்தொரு மெய்யெழுத்துகள் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த ஐந்தே ஐந்து உயிரெழுத்துகள் இல்லாமல் ஒரு வார்த்தை நகராது. அவற்றிலும் A என்ற எழுத்தை இடது கைச் சுண்டுவிரலிடம் கொடுத்திருக்கிறார்கள். உடம்பிலேயே வேலை தெரியாத விரல் அது. நான் அடித்த தாளில் மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக இருக்கும், A மட்டும் வெளிறிப் போயிருக்கும். எங்கள் மாஸ்டர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “உன் கான்சனென்ட் எல்லாம் ஊரைக் கூட்டுது. வவல் எல்லாம் ஜுரத்துல படுத்துக் கிடக்குது” என்பார். பையன்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தி மாவைச் சுண்டுவிரலாலேயே குத்திக் குத்திப் பழகினேன். அம்மா அந்தச் சப்பாத்திகளைப் பார்த்து, வீட்டில் எலி வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்.

அதோடு இன்னொரு தொல்லை. டைப்ரைட்டரில் எழுத்து அச்சுகள் ரிப்பனில் போய்ப் போய் முட்டுவதால் மையும் நூல் பிசிறும் சேர்ந்து அழுக்கு அடைத்துக்கொள்ளும். T, K, X போன்றவற்றுக்கு அந்தக் கவலை இல்லை, எல்லாம் எலும்பும் தோலுமான எழுத்துகள். a, e, o மூன்றும் வயிறு வைத்தவை. b, p போன்ற சில மெய்களுக்கும் வயிறு உண்டுதான், ஆனால் அவற்றுக்கு இந்த மூன்றைப் போல ஓயாத வேலை கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யாவிட்டால் e அடித்தால் கறுப்புப் புள்ளிதான் விழும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும், வேறு எதையும் வைத்துக் குடையாதே என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

தேர்வன்று விடிந்ததும் விடியாததுமாக இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விட்டேன். அப்போதெல்லாம் தேர்வு எழுதுகிறவர்கள்தான் மெஷினைக் கொண்டுபோக வேண்டும். இன்ஸ்டிட்யூட்காரர்கள் தங்கள் மெஷின்களை ஜமுக்காளத்தில் சுற்றி ஜட்காவில் ஏற்றி அனுப்புவார்கள். எங்கள் பேட்ச்சுக்கு மூன்று மெஷின்கள், நானும் இரண்டு பையன்களும். நான் பழகிய கிழட்டு மெஷினையே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் விரல்களுக்கு அதன் குணம் தெரியும், அதற்கும் என் குணம் தெரியும். ஜட்கா வருவதற்குள் இன்னொரு முறை சுத்தம் செய்துவிடலாம் என்று பிரஷ்ஷால் தேய்த்தேன். e-யின் வயிற்றில் மட்டும் ஏதோ ஒரு பிசிறு வரவே மாட்டேன் என்றது. கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினேன். நன்றாக நெம்பி எடுத்தேன். பிசிறு வந்தது, பளிச்சென்று ஆனது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அல்சூரிலிருந்து பேட்டை வரைக்கும் ரோடில் இருந்த அத்தனை பள்ளங்களையும் எங்கள் ஜட்கா ஒன்று விடாமல் விசாரித்துக்கொண்டு போனது. நான் மெஷினை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தேன்.

தேர்வு ஹால் பெரிய வகுப்பறை. வரிசை வரிசையாக மேஜைகள், ஒவ்வொரு மேஜையிலும் பதிவு எண் எழுதிய சீட்டு. மேடையில் ஒரு மேஜை போட்டு சூப்பரின்டென்டென்ட் உட்கார்ந்திருந்தார். மூடிய கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கையில் கடிகாரம். கன்னடமும் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினார், மூன்றிலும் கண்டிப்பாகத்தான் பேசினார். மூன்று பேட்ச்சாகத் தேர்வு. எங்களுடையது இரண்டாவது. மெஷின்களைச் சரிபார்த்துக்கொள்ளச் சில நிமிடங்கள் கொடுத்தார்.

தாளைச் செருகி ஒரு வரி அடித்தேன். முதல் e-யிலேயே ஏதோ ரோலரில் பட்டு ணங்கென்று தெறித்தது. மறுபடி e-யை அழுத்தினேன். கம்பி மட்டும் மொட்டையாக எழுந்து வந்து ரிப்பனை இடித்துவிட்டுத் திரும்பிப் போனது. குனிந்து தேடினேன். காலடியில் துண்டு ஈயம் போல e கிடந்தது. கிழட்டு மெஷின், எப்போதோ பற்றவைத்த அச்சு. நான் நெம்பியதில் பற்று விட்டிருக்கிறது. மிச்சத்தை ஜட்கா பார்த்துக்கொண்டது.

உதிர்ந்தது Z ஆகவோ Q ஆகவோ இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். வந்த இடத்தில் காலியாக விட்டு, சில மதிப்பெண் போனால் போகட்டும் என்று அடித்திருப்பேன். ஆங்கிலத்தில் அதிகமாக உழைக்கிற எழுத்தே e-தான். நான் அடித்த அந்த ஒரு வரியைப் பார்த்தேன். நம் முன்னோர்கள் உயிர் என்றும் மெய் என்றும் யோசித்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. e இல்லாமல் மெய்யெல்லாம் வெறுமனே வரிசையாகக் கிடந்தன, யாராலும் அதைப் படிக்க முடியாது.

எழுந்து போய்ச் சூப்பரின்டென்டென்ட்டிடம் காட்டினேன். அவர் பியூனைக் கூப்பிட்டு, மேஜையில் இருந்த அரக்கை உருக்கி ஒட்டிப் பார்க்கச் சொன்னார். அந்த மனிதரும் பொறுமையாக ஒட்டினார். ஊதி ஊதி ஆறவைத்தோம். ஒரே ஒரு அடி. e பறந்து போய் முன்வரிசைப் பையனின் முதுகில் பட்டது. ஹாலே சிரித்தது, என்னைத் தவிர.

“ஸார், நான் கடைசி பேட்ச்ல எழுதறேனே. அதுக்குள்ள எங்க இன்ஸ்டிட்யூட்டோட வேற மெஷின் ஒண்ணு காலியாயிடும்” என்றேன்.

“கடைசி பேட்ச் ஃபுல் அம்மா. எல்லா டேபிளுக்கும் ஆள் இருக்கு. மெஷின் உங்களது, ரிப்பேரும் உங்களது. கவர்ன்மென்ட் டேபிள் மட்டும்தான் குடுக்கும், அதுவும் ஒரு ஆளுக்கு ஒண்ணு. நான் ஏனு மாடோது?” என்றார். என்ன செய்வது என்று அவர் கன்னடத்தில் கேட்டது என்னையா, தன்னையா என்று தெரியவில்லை.

எங்கள் இன்ஸ்டிட்யூட் பையன்கள் இருவரும் தங்கள் தாள்களை மும்முரமாக நேராக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வீட்டில் ஒரு அண்ணன் இருந்திருப்பார்.

அப்போதுதான் எனக்கு வாய் மீறி வந்துவிட்டது. அழுகை வந்தால்கூட அடக்கியிருப்பேன், வந்தது கோபம். “ஸார், இன்னிக்கு எழுதாம வீட்டுக்குப் போனா அதுக்கப்புறம் நான் வீட்டைவிட்டு வெளியிலயே வர முடியாது. அடுத்த தேர்வுன்னு ஒண்ணு எனக்குக் கிடையாது” என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஆண்கள் முன்னால் வீட்டு விஷயத்தைக் கொட்டிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் இருந்த மேஜையில் ஒருவர் எழுந்தார். குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி, கசங்கிய கோட்டு. பிளாக்பள்ளிப் பக்கத்து இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்தவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“அம்மா நம்ம மெஷின்ல எழுதட்டும் ஸார். நான் கடைசி பேட்ச்ல எழுதிக்கறேன்” என்றார்.

சூப்பரின்டென்டென்ட்டுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “கடைசி பேட்ச் ஃபுல்லுன்னு இப்பத்தானே சொன்னேன். கேட்டுதில்ல?”

“யாராவது ஒருத்தர் வராம போவாங்க ஸார். மழை வேற பெய்யுது.”

“எல்லாரும் வந்துட்டா? உனக்கு ஆப்சென்ட் போட்டுடுவேன்.”

“போடுங்க ஸார். மூணு தடவை ஃபெயில் ஆனவன். எக்ஸாமுக்கும் எனக்கும் ரொம்பப் பழக்கம். அடுத்த தடவையும் வந்து பார்ப்பேன்” என்று சிரித்தபடியே நகர்ந்து வழிவிட்டார். பிறகு என் பக்கம் பாதி திரும்பி, “உட்காருங்கம்மா. ஃபிக்கர் பண்ணாதீங்க, கவலையே வேணாம். கையை மட்டும் லேசா வைங்க, நம்ம மெஷின் தொட்டாலே அடிக்கும்” என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ. சொல்லவில்லை. போய் உட்கார்ந்துவிட்டேன். சூப்பரின்டென்டென்ட் இரண்டு மேஜைச் சீட்டுகளையும் மாற்றி வைத்தார். அவர் கையில் இருந்த சீட்டிலிருந்து அந்த மனிதரின் பதிவு எண் என் கண்ணில் பட்டு மனசில் ஒட்டிக்கொண்டது.

அவருடைய மெஷினில் E, A, O கீக்களின் மேல் இருந்த எழுத்துகள் தேய்ந்தே போயிருந்தன. வெறும் வெள்ளை வட்டங்கள். Q, Z, X மட்டும் கடையிலிருந்து வந்த அன்றைக்குப் போலப் புதிதாக இருந்தன. எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் உயிரெழுத்துகளைத் தட்டித் தட்டித் தேய்த்த மெஷின். கீக்களைப் பார்க்காமல் அடிக்கத்தான் எங்கள் மாஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தக் காலையில் அவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

மணி அடித்தது. பத்து நிமிடம். முதல் வரி குளறுபடிதான். என் கிழட்டு மெஷினில் கொல்லன் மாதிரி அடித்துப் பழகிய கை பட்டு, இங்கே எழுத்துகள் இரட்டை நிழலோடு விழுந்தன. அந்தத் தொப்பிக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. விரல்களைத் தளர்த்தினேன். இரண்டாவது வரியில் ஓட்டம் பிடிபட்டது. சுண்டுவிரல்கூட அன்று வம்பு செய்யவில்லை, தொட்டாலே விழுகிற மெஷினில் A மற்ற எழுத்துகளுக்குச் சமமாகக் கறுப்பாக விழுந்தது. என் ஜுரக்காரர்கள் எல்லாம் குணமாகி எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி மணி அடித்தபோது நான் தேறிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது.

தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தொப்பிக்காரர் வராண்டா ஓரத்தில் நின்று தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “எப்படி, அடிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். அடித்தேன் என்றேன். அதற்கு மேல் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்நிய ஆணோடு நின்று பேசுவதே அப்போது பெரிய விஷயம். கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். என் இன்ஸ்டிட்யூட் பையன்கள் ஜட்காவில் ஏறி என்னைக் கூப்பிட்டார்கள். என் மெஷினையும் ஏற்றிக்கொண்டு நீங்கள் போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

கடைசி பேட்ச் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். குடையில் வந்தார்கள், கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும் மிச்சமிருக்கும் மேஜைகளை எண்ணினேன். இவ்வளவு மழையில் ஒருத்தருக்குக்கூட ஜலதோஷம் பிடிக்காதா என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவருக்கு நோய் வர வேண்டிக்கொண்டேன். சாமி கேட்கவில்லை. கடைசியாக ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து நுழைந்தார். ஹால் நிறைந்துவிட்டது.

தொப்பிக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தன் மெஷினைச் சுற்றுவதற்குக் கம்பளியை எடுத்து உதறினார். அந்த உதறலைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று ஹாலுக்குள் போய்விட்டேன்.

“ஸார், என் தாளைக் கிழிச்சிப் போட்டுடுங்க. அவருக்கு ஆப்சென்ட் போடாதீங்க” என்றேன்.

“குடுத்த பேப்பரைக் கிழிக்க எனக்கே அதிகாரம் இல்ல அம்மா. வெளியே போங்க, பேக பேக” என்று விரட்டினார். சீக்கிரம் சீக்கிரம் என்று கடிகாரத்தையும் காட்டினார்.

“டேபிள் இல்லாததுதானே ஸார் குறை?”

“ஆமா. டேபிள் இல்ல.”

நான் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தேன். எல்லா மேஜையிலும் மெஷின் இருந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர. அதை நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“ஸார், அந்த டேபிள்?”

கேட்டுவிட்டேன். பியூன் தலையைக் குனிந்துகொண்டார். சூப்பரின்டென்டென்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “என் டேபிளா?” என்றார், ஏதோ அவருடைய தலைப்பாகையையே நான் கேட்டுவிட்ட மாதிரி.

தன் மேஜையைப் பார்த்தார். மைக்கூடு, அரக்கு, காகிதக் கட்டுகள், டிபன் டப்பா. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே அந்த மனிதர் கம்பளியும் கையுமாக நின்றிருந்தார், உள்ளே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

“ஒரு ஆளுக்கு ஒரு டேபிள்னு ரூல் இருக்கு. சூப்பரின்டென்டென்ட்டுக்கு டேபிள் வேணும்னு ரூல் இல்ல” என்று இங்கிலீஷில் மெல்லச் சொன்னார். யாருக்குச் சொன்னாரோ தெரியாது. மைக்கூட்டைத் தானே எடுத்து ஜன்னல் மாடத்தில் வைத்தார். டிபன் டப்பாவைப் பியூனிடம் கொடுத்தார். அடுத்த நிமிடம் தொப்பிக்காரரின் மெஷின் அந்த மேஜை மேல் இருந்தது.

அவர் சூப்பரின்டென்டென்ட்டின் நாற்காலியில், ஹால் முழுவதையும் பார்த்தபடி உட்கார்ந்து தேர்வு எழுதினார். சூப்பரின்டென்டென்ட் பக்கத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடமும் நின்றார். நான் வராண்டாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தனை மெஷின் சத்தத்தில் அவருடைய மெஷின் எது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன், முடியவில்லை.

முடிந்து வெளியே வந்தவர் முகமெல்லாம் வேர்வை. “அந்த நாற்காலியில உட்கார்ந்தா கை தானா வேகம் ஆயிடுது அம்மா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மூணு தடவை ஃபெயில் ஆகியிருக்க மாட்டேன்” என்றார். நான் சிரித்துவிட்டேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. அவர் பார்க்காதவர் போல மெஷினைக் கட்டிக்கொண்டு, ஸலாம் சொல்லிவிட்டு, மழையில் இறங்கிப் போனார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

நான் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனபோது மாஸ்டர் மொட்டைக் கம்பியைப் பார்த்தார், என் கொண்டையைப் பார்த்தார். அன்றிலிருந்து இன்ஸ்டிட்யூட் சுவரில் ‘ஹேர்பின் கூடாது’ என்று ஒரு போர்டு தொங்கியது. அங்கே கொண்டை போட்ட ஆள் நான் ஒருத்திதான்.

ரிசல்ட் வந்த அன்று அண்ணனே பேப்பரை வாங்கிக்கொண்டு வந்தார். என் எண்ணைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டு, “சரி, போ. பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வா” என்றார். பேப்பரை என் கையிலேயே கொடுத்தார், அவருக்கும் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். நான் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. எதைத் தேடுகிறாய் என்று கேட்டார். இன்னொரு எண்ணைத் தேடினேன். அதுவும் இருந்தது. என் எண்ணைப் பார்த்தபோது வராத சந்தோஷம் அதைப் பார்த்தபோது வந்தது. பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்தப் பள்ளிக்கூட ஆபீஸில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தேன். அவரை மறுபடி பார்க்கவே இல்லை. அன்றைக்கு அவரிடம் வழி ஒன்றும் இருக்கவில்லை. யாராவது வராமல் போவார்கள் என்றார், எல்லாரும் வந்துவிட்டார்கள். நாற்காலியை விட்டு எழுந்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. அவர் எழுந்ததால்தான் எனக்குக் கேட்கத் துணிச்சல் வந்தது, கேட்டதால்தான் அந்தக் கண்டிப்பான மனிதரும் எழுந்து நின்றார். யாராவது கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால், எனக்கு வழி தெரிகிறதோ இல்லையோ, முதலில் எழுந்துவிடுகிறேன், மேஜை எங்கிருந்தாவது வரும் என்ற நம்பிக்கை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.